செம்புக் கம்பியைப் பிடிக்கச் சொன்னது யார்

அப்போது ஏரவாடாவில் குடியிருந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி. ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு அறைகள். இங்கே மராத்தியில் அதற்குச் சால் என்று பெயர். எட்டு வீட்டுக்கும் ஒரு குழாய். எங்களுடையது ஐந்தாவது அறை. ஆறாவதில் டீச்சரும் அவர் அம்மாவும் இருந்தார்கள். நடுச்சுவர் மெல்லியது. அவர்கள் ஜெபம் செய்வது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் சண்டை போட்டது அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

டீச்சருக்கு இருபத்து நாலு வயது இருக்கும். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுத்தார். பிரசவத்துக்குப் போன ஒருவருடைய இடத்துக்கு வந்தவர். போனவர் திரும்பி வரவில்லை. இவரை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று பள்ளிக் கமிட்டி முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்து இவர் பாடம் நடத்துவதைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காக ஒரு வருஷம் காத்திருந்தார். சாலில் எல்லாருக்கும் அது தெரியும்.

நானும் நிரந்தரம் இல்லாதவன்தான். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலை. பல்சக்கரங்களை உலையில் பழுக்கவைத்து எண்ணெயில் அமிழ்த்தும் பிரிவு. யாராவது வராத நாளில் என்னை எடுத்துக்கொள்வார்கள். பத்லி ஆள். ஆறு வருஷம் அப்படியே போயிற்று.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் இருந்தது. கல்நார்த் துணியில் தைத்த கையுறை கொடுப்பார்கள். உலைக்கு முன்னால் போட்டுக்கொள்வோம். எண்ணெயிலிருந்து வெளியே வந்த சாமானை எடுக்கும்போது யாரும் போட மாட்டோம். ஆறிவிட்டதா என்று வெறுங்கையால்தான் பார்ப்போம். அதற்கும் கையுறை போடுகிறவனை "நவர்தேவ் வந்துட்டார்" என்பார்கள். மராத்தியில் மாப்பிள்ளை. முதல் வருஷம் நானும் நவர்தேவ்தான். பிறகு கை பழகிவிட்டது. உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி ஆயிற்று. அதில் எனக்குப் பெருமை. வீட்டிலும் பிடிதுணி இல்லாமல்தான் சோற்றுப் பானையை இறக்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் பாடப்புத்தகம்.

"அண்ணே, உங்க கம்பெனில கழிச்சுப்போட்ட கம்பித் துண்டு கிடைக்குமா? செம்புல ஒண்ணு, இரும்புல ஒண்ணு. ஒரே நீளம், ஒரே தடிமன்."

"எதுக்கு டீச்சர்?"

"இன்ஸ்பெக்டர் வரும்போது வெப்பம் பாடம் எடுங்கன்னுட்டார் ஹெட்மாஸ்டர். பள்ளிக்கூடத்துல ஒரு சாமானும் கிடையாது. வெறும் படத்தைக் காட்டினா தூங்கிடுவாங்க."

"யாரு, பசங்களா?"

"இன்ஸ்பெக்டர்."

உள்ளே என் மனைவி சிரித்தாள்.

புத்தகத்தைக் காட்டினார். எளிதிற் கடத்தி, அரிதிற் கடத்தி என்று போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். வார்த்தை புதிது. விஷயம் புதிதில்லை. உலைக் கதவுக்கு உள்பக்கம் ஏன் சூளைக்கல் பதிக்கிறார்கள், இடுக்கிக்கு ஏன் அவ்வளவு நீளப் பிடி, இதெல்லாம் தினமும் பார்ப்பதுதான். அதைச் சொன்னேன். டீச்சர் என்னையே பார்த்தார்.

"நீங்களே வந்து பசங்களுக்குச் சொல்லுங்கண்ணே. உலை முன்னால நிக்கிறவர் சொன்னா நம்புவாங்க."

"நான் அஞ்சாவது வரைக்கும்தான் டீச்சர்."

"நான் நாலாவதுக்குத்தானே கூப்பிடுறேன்."

எனக்கு அது பிடித்திருந்தது. என்னை யாரும் அதுவரை ஒன்றைச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டதில்லை.

சூப்பர்வைசரிடம் கேட்டுக் கழிவுத் தொட்டியிலிருந்து இரண்டு கம்பி எடுத்தேன். விரல் தடிமன், ஒரு முழம் நீளம். அரம் போட்டு முனையை மழுக்கினேன். அதே அளவுக்கு ஒரு மரக்குச்சி சீவினேன். டீச்சர் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். மூன்றையும் இரண்டு செங்கல்மேல் வைத்து, மெழுகால் வரிசையாகக் காய்ந்த பட்டாணி ஒட்டினோம். மூன்றின் முனையும் பம்ப் ஸ்டவ்வின் தீயில் படும்படி வைத்தோம். செம்பில் இருந்த பட்டாணி முதலில் விழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தும். இரும்பில் இரண்டு விழ அதைவிட நேரம் ஆயிற்று. மரம் முனையில் கருகியது, பட்டாணி அப்படியே இருந்தது. டீச்சர் குழந்தை மாதிரி கை தட்டினார். அவர் அம்மா, "ஸ்டவ்வை அணைடி, எண்ணெய் வீணாகுது" என்றார்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு ஒரு தடவை. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர். அப்படிப் பேசிக்கொண்டோம். எனக்கு அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். காலையில் ஓய்வு. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

முப்பது பிள்ளைகள். குளிர்காலம், பாதிப் பேர் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். டீச்சர் என்னைக் காட்டி, "இவர் இரும்பையே உருக்குற இடத்துல வேலை செய்றார்" என்றார். உருக்குவதில்லை, பழுக்கவைப்பதுதான். நான் திருத்தவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை. ஒன்பது வயது. இரட்டைப் பின்னல். எல்லாக் கேள்வியும் அவள்தான் கேட்டாள்.

"அங்கிள், ஸ்வெட்டர் கரமா இருக்குதே, அது எளிதிற் கடத்தியா?"

"ஸ்வெட்டருக்குன்னு சூடு கிடையாது பாப்பா. உன் உடம்புச் சூட்டை வெளிய விடாது. அவ்வளவுதான்."

"அப்ப ஐஸுக்கு ஸ்வெட்டர் போட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "ஐஸ்வண்டிக்காரன் என்ன பண்றான்? மரத்தூள்ல புதைச்சு, சாக்கு போட்டு மூடுறான். அதுதான் ஐஸுக்கு ஸ்வெட்டர். வெளிச் சூட்டை உள்ள விடாது" என்றேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். டீச்சர் பின்னால் நின்று எனக்குத் தலையாட்டினார். அந்த அரைமணி நேரம் நான் வாழ்க்கையில் நன்றாக இருந்த நேரங்களில் ஒன்று. அதனால்தான் அப்புறம் நடந்தது.

பட்டாணிகள் விழுந்தன. பிள்ளைகள் எண்ணினார்கள். டீச்சர் ஸ்டவ்வை அணைத்தார். பிடிதுணியால் மூன்றையும் எடுத்து மேஜைமேல் ஒரு ஓட்டில் வைத்தார். அப்போது பியூன் வந்தார். இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து ஆள் வந்திருக்கிறது, ஹெட்மாஸ்டர் கூப்பிடுகிறார் என்றார்.

டீச்சர் பிள்ளைகளைப் பார்த்து, "நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது" என்றார். என்னிடம், "பாத்துக்குங்கண்ணே" என்றார். போனார்.

மரக்குச்சியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். கொடுத்தேன். வரிசையாகக் கை மாற்றினார்கள். "தண்டா, தண்டா" என்று ஒரே சத்தம். சூடே இல்லையாம். இரும்பின் அந்தப் பக்க முனையைத் தொட்டார்கள். வெதுவெதுப்பு. இரட்டைப் பின்னல் செம்பைக் காட்டினாள்.

"இதை?"

"டீச்சர் வரட்டும்."

பின்வரிசையில் ஒருவன், "அங்கிளுக்கும் டீச்சர்னா பயம்" என்றான். வகுப்பே சிரித்தது.

செம்பு பழுக்காத வரைக்கும் சூட்டிலும் ஒரே நிறம், ஆறினாலும் ஒரே நிறம். பார்த்துச் சொல்ல முடியாது. கையால்தான் பார்க்க வேண்டும். நான் கையால் பார்த்தேன். கம்பியை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தேன். சூடு இருந்தது. என் கைக்கு அது ஒரு சூடில்லை.

"ஒண்ணுமில்ல. ஆறிப்போச்சு" என்றேன்.

அவள் கையை நீட்டினாள்.

"பிடி" என்றேன்.

அவள் உடனே கத்தவில்லை. விரல்கள் கம்பியைச் சுற்றி இறுகின. விடச் சொன்னேன். அவளால் விட முடியவில்லை. நான் பிடுங்கினேன். கம்பியோடு தோலும் வந்தது. பிறகுதான் கத்தினாள். மூலையில் குடிதண்ணீர்ப் பானை இருந்தது. அவள் கையை அதற்குள் விட்டுப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

டீச்சர் ஓடி வந்தார். பின்னால் ஹெட்மாஸ்டர்.

"யார் தொடச் சொன்னது?" என்றார் ஹெட்மாஸ்டர்.

பிள்ளைகள் என் பக்கம் திரும்பினார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பானையைப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தால் நாலைந்து நொடி இருக்கும். ஒரு வார்த்தை சொல்ல அது போதும்.

"என் வகுப்பு சார். என் பொறுப்பு" என்றார் டீச்சர்.

குழந்தையை நான்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதை வைத்து என்னை நல்லவன் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மணி நேரம் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் பேசவில்லை.

குழந்தையின் அப்பா வந்தார். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். எங்கள் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் இருப்பவர். பத்லி ஆட்களில் யாரை எந்த நாள் கூப்பிடுவது என்ற பட்டியல் அவர் கையில். அந்தக் குழந்தை அவருடையது என்று அதுவரை எனக்குத் தெரியாது. பள்ளிக் கமிட்டியிலும் அவர் ஒரு ஆள் என்பதும் தெரியாது. என்னைப் பார்த்து, "நீ இங்க என்ன பண்றே?" என்றார். டீச்சர், "நான்தான் கூப்பிட்டேன்" என்றார்.

இன்ஸ்பெக்டர் வருவதைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த வாரம் கமிட்டி கூடியது. என்னையும் வரச் சொன்னார்கள். நீளமான மேஜை. ஹெட்மாஸ்டர், அந்த அப்பா, இன்னும் மூன்று பேர். டீச்சர் சுவரோரம் ஒரு நாற்காலியில். அந்த முப்பது பிள்ளைகளில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

ஹெட்மாஸ்டர் கேட்டார். "கம்பியைப் பிடிக்கச் சொன்னது யார்?"

உண்மை என்ன என்று எனக்குத் தெரியும். வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். டைம் ஆபீஸ்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நான் படிக்காதவன் சார்" என்றேன். "டீச்சர் சொன்னதைச் செஞ்சேன்."

"தொட்டுப் பாக்கலாம்னு டீச்சர் சொன்னாங்களா?"

"ஆமாம் சார்."

டைம் ஆபீஸ்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "படிக்காதவனைக் கூட்டிவந்து பாடம் நடத்தினா இதுதான்" என்றார். ஹெட்மாஸ்டர் டீச்சர் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

டீச்சர் கொஞ்ச நேரம் என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இல்ல சார்" என்றார்.

அந்த மாசக் கடைசியோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

சாலில் எல்லாரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். "பாவம், வாயில்லாத மனுஷன். அவரைப் போய் மாட்டிவிட்டுடுச்சு அந்த டீச்சர் பொண்ணு" என்றார்கள். நான் அதிகம் பேசாதவன். பேசாதவன் பொய் சொல்ல மாட்டான் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். என் மனைவி மட்டும் ஒரு நாள் சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"நெஜமா டீச்சர்தான் தொடச் சொன்னாங்களா?"

"ம்."

அவள் திரும்பக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பல வருஷம் எதையுமே என்னிடம் ஒரு தடவைக்குமேல் கேட்டதில்லை.

டீச்சர் இன்னும் நாலு மாசம் அடுத்த அறையில்தான் இருந்தார். அதுதான் கஷ்டம். சண்டைக்கு வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தால் முன்போலவே சுவரைத் தட்டி, "அண்ணே, தண்ணி" என்பார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு அவர் போன பிறகு போவேன். அவர் அம்மா மட்டும் என்னைக் கண்டால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார். பிறகு கட்கி பக்கம் வீடு மாறிப் போனார்கள். மாட்டுவண்டியில் சாமான் ஏற்றினார்கள். பெட்டியைத் தூக்கிவிட நான் போகவில்லை. உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் எனக்கு நிரந்தரம் ஆயிற்று. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் டைம் ஆபீஸ்காரரும் ஒருவர். எண்பதுகளில் நிக்டியில் வீடு கிடைத்தது. இரண்டு அறை, தனிக் குழாய். மனைவிக்குச் சந்தோஷம்.

அதற்குள் எங்களுக்கு ஒரு மகள், மராத்திப் பள்ளியில் நாலாவது படித்தாள். ஒரு நாள் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மூன்று கம்பி, ஒரு விளக்கு. எழுத்து வேறு, படம் அதேதான்.

"பப்பா, இது நீங்க தினமும் பாக்குறதுதானே? சொல்லுங்க."

"உங்க டீச்சர்கிட்ட கேளு."

"கேட்டேன். வீட்டுல கேட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க."

"எனக்குத் தெரியாது" என்றேன். மனைவி அடுப்பிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் கட்கிக்குப் போனேன். கிறிஸ்தவக் கோயிலில் விசாரித்தேன். அங்கே பின்கட்டில் டீச்சர் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறார் என்றார்கள். ஆறேழு மெஷின். மத்தியானம், பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அண்ணே, வாங்க. வீட்டுல சௌக்கியமா?" என்றார்.

உட்காரவில்லை. "அன்னைக்குப் பொய் சொன்னேன் டீச்சர்" என்றேன்.

"தெரியுமேண்ணே."

"ஏன் நீங்க சொல்லலே?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நீங்க சொல்வீங்கன்னு காத்திருந்தேன். முதல்ல வகுப்புல. அப்புறம் ஆஸ்பத்திரில. அப்புறம் கமிட்டில. அதுக்கப்புறம் சொல்லி என்ன? என் வார்த்தையா உங்க வார்த்தையான்னு ஆகும். எனக்கு அலுத்துப்போச்சு."

"என்னாலதான் உங்க வேலை போச்சு" என்றேன்.

"என்னை விடுங்க. எனக்கு வேற வேலை கிடைச்சுது" என்றார். "அந்தப் பொண்ணு வீட்டுல உண்மையைச் சொல்லியிருக்கா. அங்கிள்தான் பிடின்னாரு, டீச்சர் தொடாதீங்கன்னாங்கன்னு. அவங்கப்பா நம்பலை. டீச்சரைக் காப்பாத்தப் பொய் சொல்றியான்னு கட்டுப் போட்ட கையோட இருந்தவளை அடிச்சிருக்கார். அவங்கம்மா என்கிட்ட வந்து அழுதாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுல அவ எது சொன்னாலும், 'நீதானே சொல்றே, தெரியும்'னு சொல்றாங்களாம்."

எனக்கு அது தெரியாது. வேலை போனது மட்டும்தான் என் கணக்கு. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியது அதில் இல்லை.

"அவங்கப்பாகிட்ட சொல்றேன்" என்றேன்.

"சொல்லுங்க" என்றார் டீச்சர். நல்லது என்றோ, மன்னித்தேன் என்றோ சொல்லவில்லை. மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

டைம் ஆபீஸ்காரர் ஓய்வு பெற்று நிக்டியில்தான் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். இத்தனை நாள் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டுதான் பால் வாங்கப் போவேன். அன்று நேராகப் போனேன். ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். தொடக் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனது, பையன் கேலி செய்தது, நான் கம்பியைத் தூக்கிக் காட்டியது, பிடி என்றது, கமிட்டியில் சொன்னது பொய் என்பது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் பேப்பரை மடித்தார். திரும்பப் பிரித்தார்.

"டீ குடிக்கிறியா?" என்றார்.

"வேண்டாம் சார்."

"சரி."

வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் இருக்கும். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். சுடிதார், தோளில் பை. பார்த்ததும் தெரியவில்லை. கையைப் பார்த்துத்தான் தெரிந்தது. இரண்டு விரல் முழுதாக நிமிரவில்லை.

"அங்கிள், நீங்க வீட்டுக்கு வந்தீங்கன்னு அம்மா சொன்னாங்க."

"ஆமாம்மா."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"டீ குடிக்கிறியான்னு கேட்டார்."

"என்கிட்ட அதுகூடக் கேக்கலை" என்றாள்.

"உன்கிட்டயும் சொல்லணும்மா. அன்னைக்கு நான்தான் பிடின்னு..."

"எனக்குச் சொல்ல வேண்டாம் அங்கிள். நான்தானே பிடிச்சேன். எனக்குத் தெரியாதா?" கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவர்கிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க. நான் இருக்கும்போது. ஞாயித்துக்கிழமை நான் வீட்ல இருப்பேன்."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள். நானும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும். ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் அதே நாற்காலியில் இருந்தார். அவள் உள்ளிருந்து வந்து சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலிலிருந்து சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கும் வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.